தம்புரா நிற்காத குறுந்தகடு

சிறு வயதில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஸ்ரீரங்கத்து மாமி, 2019ஆம் ஆண்டு மார்கழியில் திருச்சியில் ஒரு சிறிய அரங்கில் முழுக் கச்சேரி ஒன்று பாடினார். அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. அன்று மேடைக்கு ஆறடி எதிரே ஒரு தாங்கியில் கையடக்க ரெக்கார்டரை நிறுத்தி, 24 பிட் ஆழத்திலும் 96 கிலோஹெர்ட்ஸ் வேகத்திலும் கச்சேரி முழுவதையும் பதிவு செய்தேன். வர்ணம் தொடங்கி மங்களம் வரை 2 மணி 34 நிமிடம் வந்தது. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனில் கேட்டபோது, மாமி அடுத்த பிடிக்கு மூச்சை உள்ளிழுப்பதும், மிருதங்கத்தின் தொப்பியில் உள்ளங்கை உரசுவதும்கூடத் துல்லியமாகக் கேட்டன.

ஆனால் மாமியிடம் கணினி கிடையாது. பார்வை மங்கிவிட்டதால் கைப்பேசியின் வழவழப்பான திரை அவருக்குப் பயன்படாது. கட்டிலுக்கு அருகில் ஒரு பழைய சிடி பிளேயர் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பொத்தானும் எங்கே இருக்கிறது என்பது அவர் விரலுக்குத் தெரியும். அடுத்த பாட்டுக்கான பொத்தானை எத்தனை முறை அழுத்தினோம் என்று எண்ணிக்கொண்டே வேண்டிய இடத்துக்குப் போவார். எம்பி3 கோப்புகள் போட்ட தட்டை அந்தப் பிளேயர் படிக்காது. ஆகவே அவருக்கு அவருடைய கச்சேரி வேண்டுமென்றால் அது முறையான ஆடியோ சிடியாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

முதல் முயற்சியை அவசரத்தில் செய்தேன். ஆடாசிட்டி மென்பொருளில் பதிவைத் திறந்து, பாட்டு மாறும் இடங்களிலெல்லாம் வெட்டி, ஒவ்வொரு துண்டின் ஒலி அளவையும் உச்சத்துக்கு உயர்த்தி, தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்து, சிடி எழுதும் மென்பொருள் ஒன்றுக்குள் இழுத்துப் போட்டு எழுதிவிட்டேன். மறுநாள் காலை தட்டுகளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

“ஏண்டா, ராகத்துக்கும் பாட்டுக்கும் நடுவுல தம்புராவை யாருடா நிறுத்தினா?”

அந்தக் கேள்விக்குச் சரியான விடை தேடியதில்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் அனைத்தையும் கற்றுக்கொண்டேன்.

திரைப்பாடல்களையோ, ஸ்டூடியோவில் தனித்தனியாகப் பதிவு செய்த பாட்டுகளையோ சிடியில் எழுதும்போது இந்தக் குறை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாட்டும் நிசப்தத்தில் தொடங்கி நிசப்தத்தில் முடிகிறது. இடையில் இரண்டு வினாடி நிசப்தம் கூடுதலாக விழுந்தால் காது அதைப் பொருட்படுத்தாது. கச்சேரி அப்படிப்பட்டதன்று. மேடையில் முதல் சுருதி சேர்ந்ததிலிருந்து மங்களம் முடியும்வரை தம்புரா ஓடிக்கொண்டே இருக்கிறது. பாடகர் தண்ணீர் குடிக்கும்போதும், வயலின்காரர் தந்தியை முறுக்கும்போதும், கைதட்டலுக்கு அடியிலும் அது இருக்கிறது. கேட்பவர் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் அது நின்றால் அந்தக் கணமே தெரிந்துவிடும். இந்தத் தொடர்ச்சியை நடுவில் அறுக்கும் எந்தக் கருவியும் கச்சேரிக்கு ஒவ்வாது. சிடி எழுதும் மென்பொருள்கள் பலவற்றின் இயல்பான அமைப்போ, ஒவ்வொரு ட்ராக்குக்கும் முன்னால் இரண்டு வினாடி மௌனத்தைச் சேர்ப்பதாகத்தான் இருக்கிறது.

என் தட்டில் இருந்தது அந்த இரண்டு வினாடி மட்டுமன்று. மௌனம் தொடங்கும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம் இருந்தது. ஆலாபனையைவிடக் கிருதி திடீரென்று தணிந்து ஒலித்தது. மூன்றும் வெவ்வேறு குறைகள், மூன்றுக்கும் காரணம் வேறு. அவற்றைப் புரிந்துகொள்ள, சிடி என்பது எந்த அளவுகளைக் கொண்டு கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980இல் வகுத்த தர விதிகளைச் சிவப்புப் புத்தகம் என்பார்கள். ஆடியோ சிடியில் ஒரு வினாடி ஒலி 44,100 சாம்பிள்களாக, அதாவது ஒலி அலையின் உயரத்தை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்களாக, இருக்க வேண்டும், ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட் எண்ணாக இருக்க வேண்டும், இடம் வலம் என்று இரண்டு தடங்கள் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. அன்றைக்கு டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கப் போதுமான கொள்ளளவு வீடியோ நாடாவில்தான் இருந்தது. ஒலி எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி வீடியோப் படமாகவே பதிவு செய்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் வினாடிக்கு 60 அரைப்படங்கள், ஒவ்வொன்றிலும் பயன்படுத்தக்கூடிய வரிகள் 245, வரிக்கு 3 சாம்பிள், பெருக்கினால் 44,100. நம் தூர்தர்ஷன் பின்பற்றிய பால் (PAL) முறையில் 50 அரைப்படங்கள், 294 வரிகள், 3 சாம்பிள். பெருக்கினால் அதே 44,100. இரண்டு வகை வீடியோவிலும் பொருந்தும் எண் என்பதால் அது நிலைத்தது.

என் ரெக்கார்டர் தந்ததோ வினாடிக்கு 96,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 24 பிட். இரண்டுக்கும் உள்ள விகிதம் 320க்கு 147. பாதியாக்கினால் போதும், மூன்றில் ஒன்றாக்கினால் போதும் என்று எளிதாக முடிகிற கணக்கு இது அன்று. 320 பழைய சாம்பிள்களுக்கு ஈடாக 147 புதிய சாம்பிள்களைக் கணக்கிட்டு உண்டாக்க வேண்டும்; அவற்றில் பெரும்பாலானவை பழைய சாம்பிள்கள் எதனுடனும் ஒரே கணத்தில் விழுவதில்லை. இதனால் 88.2 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்வதே நல்லது, அதைச் சரிபாதியாக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. பழைய காலத்து எளிய மாற்றிகளுக்கு அந்த அறிவுரை பொருந்தியிருக்கலாம். இன்றைய நல்ல மாற்றிகளில், குறிப்பாக நான் பயன்படுத்தும் சாக்ஸ் (SoX) என்ற ஒலி மாற்றும் நிரலின் உயர்தர அமைப்பில், 96இலிருந்து மாற்றினாலும் 88.2இலிருந்து மாற்றினாலும் என் காதால் வேறுபாடு காண முடியவில்லை.

மோசமான மாற்றி என்ன செய்யும் என்பதை ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். 30 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றை 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் உண்டாக்கினேன். மனிதக் காதுக்கு அது கேட்காது. பிறகு வடிகட்டி எதுவும் இல்லாமல், தேவையான கணங்களுக்கு மிக அருகில் இருந்த சாம்பிள்களை மட்டும் பொறுக்கி எடுத்து 44.1 கிலோஹெர்ட்ஸாக மாற்றினேன். கேட்காத தொனி 14.1 கிலோஹெர்ட்ஸில் ஊசிபோலக் கேட்டது. 44,100இல் பாதியான 22,050க்கு மேலே உள்ள எதுவும் வடிகட்டப்படாமல் போனால், அது கண்ணாடியில் பட்டுத் திரும்பியதுபோலக் கீழே மடிந்து வந்து விழும், 44.1இலிருந்து 30ஐக் கழித்தால் 14.1. வயலினின் மேல் ஒலிகளும் மிருதங்கத்தின் சாப்பு அடியும் 22 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிச் செல்லக்கூடியவை. அவை மடிந்து விழும் இடம் எந்த ஸ்வரத்துக்கும் சொந்தமில்லாத இடம். ஆகவே மாற்றத்துக்கு முன் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் கூர்மையாக வடிகட்டுவது மாற்றியின் முதல் கடமை.

அந்த வடிகட்டிதான், வெட்டுவதற்கு முன் மாற்ற வேண்டும் என்ற முறையையும் விதிக்கிறது. ஒவ்வொரு புதிய சாம்பிளையும் கணக்கிட, வடிகட்டி அதற்கு முன்னும் பின்னும் உள்ள நூற்றுக்கணக்கான பழைய சாம்பிள்களைப் பார்க்கிறது. ஆலாபனையையும் கிருதியையும் முதலில் தனித்தனியாக வெட்டிவிட்டுப் பிறகு மாற்றினால், வெட்டிய விளிம்பில் வடிகட்டிக்கு ஒரு பக்கம் ஒன்றுமே இருக்காது. அங்கே நிசப்தம் இருப்பதாக எண்ணிக்கொண்டு அது கணக்கிடும். விளிம்பு நெளிந்துவிடும். இரண்டு துண்டுகளையும் மறுபடி ஒட்டிவைத்தால் ஒட்டிய இடத்தில் தம்புராவின் அலை தொடராது. கோப்பு முழுவதையும் ஒரே நீட்டாக மாற்றிவிட்டுப் பிறகு வெட்டினால் இந்தத் தொல்லை பிறப்பதே இல்லை. நான் முதல் முறை செய்தது நேர் தலைகீழ்.

ஆகவே எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, ரெக்கார்டர் தந்த மூலக் கோப்புகளிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

மூலமே மூன்று கோப்புகளாகத்தான் இருந்தது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், இரண்டு தடம் என்றால் வினாடிக்கு 5,76,000 பைட். என் ரெக்கார்டர் ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டை எட்டியதும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். அது 62 நிமிடம் 8 வினாடியில் நிகழ்கிறது. கச்சேரியில் அந்த இடம் எங்கே விழுந்தது என்று பார்த்தால், 60ஆவது நிமிடம் 30ஆவது வினாடியில் தொடங்கிய பிரதான ராகமான தோடியின் ஆலாபனைக்குள், மாமி காந்தார ஸ்வரத்தில் நின்று அசைத்துக்கொண்டிருந்த இடத்தில். ரெக்கார்டர் ஒரு சாம்பிளையும் தவறவிடவில்லை என்பதை அலைவடிவத்தைப் புள்ளி புள்ளியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முதல் கோப்பின் கடைசிப் புள்ளியும் இரண்டாம் கோப்பின் முதல் புள்ளியும் ஒரே வளைவில் இருந்தன. இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது. சில மென்பொருள்கள் கோப்புகளைச் சேர்க்கும்போது ஓரங்களைத் தாமாகவே மெல்லத் தணித்துச் சேர்க்கின்றன, காந்தாரத்தின் நடுவில் அப்படிச் செய்தால் குரல் ஒரு கணம் தடுக்கி எழுந்ததுபோல இருக்கும்.

சேர்த்தால் இன்னொரு சுவர் நிற்கிறது. 154 நிமிடமும் சேர்ந்தால் 532 கோடி பைட். சாதாரண வேவ் கோப்பின் தலைப்பில் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடிச் சொச்சம். அதைத் தாண்டிய கோப்பைச் சில நிரல்கள் எழுதிவிடும், ஆனால் திறக்கும்போது பின்பகுதி காணாமல் போயிருக்கும். எனவே சேர்த்த மூலத்தை ஃபிளாக் வடிவத்தில் சேமித்தேன். எதையும் இழக்காமல் சுருக்குவது அது. விரித்தால் ஒவ்வொரு பிட்டும் அப்படியே திரும்பி வரும். அந்தக் கோப்பை இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் வைத்த பிறகுதான் மேற்கொண்டு கை வைத்தேன். சிடிக்காகச் செய்யும் எல்லாம் நகலின் மீதுதான்.

அடுத்தது ஒலி அளவு. கச்சேரியைப் பதிவு செய்யும்போது நான் வேண்டுமென்றே அளவைத் தணித்து வைத்திருந்தேன். மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில் மிருதங்கம் எவ்வளவு உயரும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எழுதக்கூடிய உச்சத்தை ஒரு அடி தாண்டினாலும் அந்த அடி உடைந்துவிடும், அதைத் திருத்த வழியில்லை. 24 பிட்டின் உண்மையான பயன் இதுதான் என்பது என் முடிவு. ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் என்ற கணக்கில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 16 பிட்டுக்கு 96 டெசிபெல் இடைவெளியும் 24 பிட்டுக்கு 144 டெசிபெல் இடைவெளியும் கிடைக்கின்றன. மேலே பத்துப் பதினைந்து டெசிபெல்லைப் பாதுகாப்புக்கு விட்டுவைத்தாலும் கீழே எதுவும் குறையாது. 96 கிலோஹெர்ட்ஸ் வேகத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. சிடிதான் இறுதி வடிவம் என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் தாராளமாகப் போதும். 24 பிட்டை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதிவின் உச்சம் தனி ஆவர்த்தனத்தில் −9 டெசிபெல்லில், அதாவது எழுதக்கூடிய உச்சத்துக்கு 9 டெசிபெல் கீழே இருந்தது. கச்சேரி முழுவதையும் ஒரே அளவாக 8 டெசிபெல் உயர்த்தினேன். முழுவதையும், ஒரே அளவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தட்டில் கிருதி தணிந்து ஒலித்ததற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக உச்சத்துக்கு உயர்த்தியபோது, மிருதங்கம் இல்லாத ஆலாபனை மிக அதிகமாக உயர்ந்துவிட்டது. மிருதங்க அடிகள் உள்ள கிருதி கொஞ்சம்தான் உயர்ந்தது. தம்புராவும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. கச்சேரியில் எந்த இடம் மெல்ல ஒலிக்க வேண்டும், எது ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பதை மேடையில் இருந்தவர்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள். அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. உச்சத்தை அளந்ததும் 44.1 கிலோஹெர்ட்ஸாக மாற்றிய பிறகுதான். மாற்றும்போது புதிய சாம்பிள்கள் பழைய உச்சங்களுக்குச் சற்று மேலேயும் விழக்கூடும் என்பதால் மேலே ஒரு டெசிபெல்லை விட்டுவைத்தேன்.

இவ்வளவும் நடக்கும்போது எண்கள் உயர்ந்த துல்லியத்திலேயே இருக்க வேண்டும். கடைசியாகத்தான் 16 பிட். 24 பிட்டில் 1,67,77,216 படிகள் உள்ள ஏணி, 16 பிட்டில் 65,536 படிகளாகிறது. இடையில் விழுந்த எண்களை அருகில் உள்ள படிக்குத் தள்ள வேண்டும். வெறுமனே தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறிய கணக்குப் போதும். ஒரு மெல்லிய ஒலி 0.3 படி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அருகில் உள்ள முழு எண் 0. எத்தனை முறை அளந்தாலும் 0தான்; அந்த ஒலி இருந்த சுவடே மறைந்துபோகிறது. இப்போது அளப்பதற்கு முன், ஒவ்வொரு முறையும் அரைப் படிக்குள் ஏதோ ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டியோ கழித்தோ பார்ப்போம். பத்தில் மூன்று முறை 1 வரும், ஏழு முறை 0 வரும். சராசரி 0.3. மறைந்துபோக இருந்த ஒலி மெல்லிய சீறலுக்குள் உயிரோடு இருக்கிறது, காது அதைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. இந்தத் தற்செயல் எண்ணைத்தான் டித்தர் என்கிறார்கள். நடைமுறையில் முக்கோணப் பரவல் உள்ள இரண்டு படி அகல இரைச்சலைப் பயன்படுத்துகிறார்கள். சாக்ஸிலும் ஆடாசிட்டியிலும் அது உள்ளேயே இருக்கிறது.

மின்விசிறியும் இருமலும் உள்ள ஓர் அரங்கில் எடுத்த பதிவில், அரங்கத்தின் இரைச்சலே 16 பிட்டின் கடைசிப் படியைவிட மிக உயரத்தில் இருப்பதால் அதுவே டித்தரின் வேலையைப் பெரும்பாலும் செய்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலியை மெல்லத் தணிக்கிறோமே, அங்கே அரங்கத்து இரைச்சலும் சேர்ந்து தணிகிறது. தம்புரா கரைந்துபோகும் அந்தக் கடைசி வினாடிகளில் டித்தர் இல்லாவிட்டால் ஒலி கரகரத்துச் சிதறி அணைகிறது. இருந்தால் திரி இறங்குவதுபோல இறங்குகிறது. டித்தர் சேர்ப்பது ஒரே ஒரு முறை, கடைசிப் படியாக. 16 பிட்டாக்கிய பின் மறுபடி அளவை உயர்த்தினாலோ ஓரத்தைத் தணித்தாலோ மறுபடியும் தள்ள வேண்டிவரும், அதுவரை செய்த கவனமெல்லாம் வீண்.

இப்போது வெட்டும் கட்டம். ‘டிக்’ சத்தத்தின் காரணம் இங்கே இருக்கிறது. ஆடியோ சிடி வினாடியை 75 ஃப்ரேம்களாகப் பிரிக்கிறது. 44,100ஐ 75ஆல் வகுத்தால் 588; ஒரு ஃப்ரேமில் 588 சாம்பிள், 2,352 பைட். ஒரு ட்ராக் ஃப்ரேமின் எல்லையில்தான் தொடங்க முடியும், எல்லையில்தான் முடிய முடியும். நான் காதுக்குச் சரியாகப்பட்ட இடத்தில் வெட்டிய துண்டின் நீளம் 588இன் மடங்காக இருக்க எந்தக் காரணமும் இல்லை. குறைந்த பகுதியை எழுதும் மென்பொருள் சுழியங்களால் நிரப்பிவிட்டது. அதிகபட்சம் 587 சாம்பிள், 13 மில்லிசெகண்டுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தம்புரா அலை நடுவழியில் சுழியத்துக்குச் செங்குத்தாக விழுந்தால், அந்த வீழ்ச்சியே ‘டிக்’ என்று ஒலிக்கிறது.

96 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் சரியாக 1,280 சாம்பிள் என்பதால், மாற்றுவதற்கு முன்பே 1,280இன் மடங்குகளில் வெட்டிவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. 1,280 சாம்பிள் மாறினால் சரியாக 588. ஆனாலும் வடிகட்டியின் விளிம்புத் தொல்லை அப்படியே இருக்கும். நீளம் சரியாகும், அலை சரியாகாது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவு பிறந்தது. கச்சேரியை வெட்டவே தேவையில்லை. ஒரு தட்டுக்கு ஒரே நீண்ட கோப்பு. எந்த இடத்தில் எந்த ட்ராக் தொடங்குகிறது என்பதைத் தனியே ஒரு சிறு எழுத்துக் கோப்பில் நிமிடம், வினாடி, ஃப்ரேம் என்று குறித்துக் கொடுத்தால் போதும். கியூ ஷீட் என்று அதற்குப் பெயர். அறுபது பக்க நோட்டுப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து மறுபடி தைப்பதற்கும், கிழிக்காமல் பக்க ஓரத்தில் நூல் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆடாசிட்டியில் நேர அளவைச் சிடி ஃப்ரேம்களில் காட்டும்படி மாற்றி, குறிகள் ஃப்ரேம் எல்லையிலேயே ஒட்டும்படி அமைத்துக்கொண்டு, அலைவடிவத்தின் கீழே குறிகளை வைத்துக்கொண்டே போனேன்.

குறியை எங்கே வைப்பது என்பது தொழில்நுட்பத்தைவிடச் சங்கீதத்தைச் சேர்ந்த கேள்வி, நான் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். கைதட்டல் முடிந்த பாட்டுக்குச் சொந்தம். அதை அடுத்த ட்ராக்கின் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் கைதட்டலுக்குப் பிறகு வயலினில் சுருதி சரிபார்ப்பதும், தொண்டையைச் செருமுவதும் யாருக்குச் சொந்தம்? பொத்தானை அழுத்தி அடுத்த பாட்டுக்கு வரும் மாமிக்கு முதலில் கேட்க வேண்டியது ராகத்தின் முதல் பிடி. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவருக்கோ அந்த இடைவேளையும் கச்சேரியின் ஒரு பகுதி. இரண்டையும் நிறைவேற்றும் வழி சிவப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு ட்ராக்குக்கும் இண்டெக்ஸ் 00, இண்டெக்ஸ் 01 என்று இரண்டு குறிகள் வைக்கலாம். தொடர்ந்து ஓடும்போது பிளேயர் 00இலிருந்து 01 வரையுள்ள பகுதியையும் ஒலிக்கும். பெரும்பாலான பிளேயர்கள் அப்போது நேரத்தைப் பின்னோக்கி எண்ணிக் காட்டும். பொத்தானை அழுத்தி வந்தாலோ நேராக 01க்குப் போய்விடும். சுருதி சேர்ப்பதையும் செருமலையும் இந்த 00 பகுதியில் வைத்தேன்.

01 குறியையும் முதல் ஸ்வரத்தின் மேலேயே வைக்கக் கூடாது. தாவி வந்ததும் சில பிளேயர்கள் ஒலியைத் திறக்க ஒரு கணம் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணத்தில் எடுப்பின் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடும். 15 ஃப்ரேம், அதாவது ஐந்தில் ஒரு வினாடி முன்னால் வைத்தேன். பாடகர் கற்பனையாக ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம் முடிந்து, மூச்சுவிட இடமில்லாமல் தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் மட்டும் அது முடியவில்லை. அங்கே 4 ஃப்ரேம்தான் கிடைத்தது.

தட்டுகளாகப் பிரிப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. 80 நிமிடத் தட்டுகள் இரண்டு என்றால் 160 நிமிடம். கச்சேரி 154 நிமிடம். கணக்கில் அடங்குகிறது, கச்சேரியில் அடங்கவில்லை. முதல் தட்டைத் தோடிக்கு முன்னால் முடித்தால் மீதி 93 நிமிடம் 30 வினாடி. 80ஆவது நிமிடத்தில் முடித்தால் தோடி இரண்டாகப் பிளக்கும். ராகத்தை நடுவில் நிறுத்தி எழுந்து தட்டு மாற்றச் சொல்வதைவிட மூன்று தட்டுகள் போடுவதே மேல் என்று முடிவு செய்திருந்தபோது, தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு நடந்த பொன்னாடை போர்த்தலும் பாராட்டுரையும் 15 நிமிடம் என்பது கண்ணில் பட்டது. மாமியிடம் கேட்டேன். “அந்தப் பேச்சை எவ கேக்கப்போறா, எடுத்துடு” என்றார். பேச்சுக்கு முந்திய கைதட்டலின் நடுவிலிருந்து பேச்சுக்குப் பிந்திய கைதட்டலின் நடுவுக்கு, இரண்டு வினாடி ஒன்றில் ஒன்று கரையும்படி இணைத்தேன். தம்புராவின் மேல் இணைத்தால் மீட்டலின் வரிசை பிசகும். கைதட்டலில் எந்த இணைப்பும் தெரியாது. இரண்டாம் தட்டு 78 நிமிடம் 30 வினாடிக்கு வந்தது. மூலக் கோப்பில் பேச்சு அப்படியே இருக்கிறது.

எழுதுவதில் இரண்டு முறைகள் உண்டு. ட்ராக் அட் ஒன்ஸ் முறையில் ஒவ்வொரு ட்ராக் முடிந்ததும் லேசர் அணைந்து மறுபடி எரிகிறது. மாமி கேட்ட இரண்டு வினாடி அங்கிருந்து வந்தது. டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில் தட்டின் தொடக்கம் முதல் முடிவுவரை லேசர் அணையாமல் எழுதுகிறது. முதல் ட்ராக்குக்கு முன்னால் மட்டும் இரண்டு வினாடி கட்டாயம், அதில் குறை ஒன்றுமில்லை. நான் பயன்படுத்திய சிடிஆர்டிஏஓ நிரலின் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளே இந்த முறையைக் குறிப்பவை. மிதமான வேகத்தில் எழுதி, எழுதிய தட்டைத் திரும்பக் கணினிக்குள் வாசித்து மூலத்தோடு ஒப்பிட்டேன். வாசிக்கும் டிரைவ் சில நூறு சாம்பிள் தள்ளி வாசிக்கும் வழக்கம் உள்ளது. அந்தத் தள்ளலைச் சரிசெய்தபின் இரண்டும் ஒன்றாக இருந்தன.

வெற்றுத் தகடு கிடைப்பதுதான் இப்போது கடினம். பதிவு செய்யும் சிடியை உருவாக்குவதில் முன்னோடியான ஜப்பானின் தாயோ யூடன் 2015இல் அந்தத் தொழிலை விட்டது. நம் ஊர்க் கடைகளில் நிறைந்திருந்த மோசர் பேர் நிறுவனத் தட்டுகளும் இப்போது பழைய இருப்பாக மட்டுமே எங்காவது கண்ணில் படுகின்றன. என்னிடம் பிரிக்காத ஒரு கட்டு இருந்ததால் தப்பித்தேன். ட்ராக் பெயர்களைத் தட்டிலேயே எழுதும் சிடி டெக்ஸ்ட் வசதியில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. ராகப் பெயர்களைத் தடித்த பேனாவால் உறையில் பெரிதாக எழுதினேன்.

இரண்டாம் முறை ஸ்ரீரங்கம் போனபோது மாமி இரண்டாம் தட்டைத்தான் முதலில் போடச் சொன்னார். தோடி தொடங்கியது. ஒரு நிமிடம் 38 வினாடியில் இரண்டு கோப்புகள் சேர்ந்த இடம் வருமென்று எனக்குத் தெரியும். நான் பிளேயரின் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காந்தாரம் அசைந்து மத்தியமத்தைத் தொட்டு இறங்கியது. மாமியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வயலினுக்குக் கைதட்டல் எழுந்து அடங்கியது, கைதட்டலுக்கு அடியில் தம்புரா ஓடிக்கொண்டிருந்தது, கிருதியின் எடுப்பில் அவருடைய வலது கை தொடைமேல் தாளம் போடத் தொடங்கியது. மங்களம் முடியும்வரை இருவரும் பேசவில்லை.

“இதே மாதிரி இன்னொரு ஜோடி போட்டுக் கொண்டு வா. கும்மோணத்துல அக்கா கேப்பா” என்றார்.

கட்டுக்குள் இன்னும் பதினொரு தட்டுகள் மீதமிருந்தன. அன்று இரவே எழுதிவிட்டேன்.